கழுத்துக் காலரைக் கழற்றும் நாள்: விவாத இழை

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 3

அம்மாவுக்கு வயது 71. டிசம்பர் முதல் வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி, கெட்டியான காலர் போட்டு அனுப்பினார்கள். பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. இனிப் படிப்படியாகக் கழற்றலாம் என்கிறார் மருத்துவர். அம்மா மறுக்கிறார். கழற்றினால் தலை கீழே விழுந்துவிடும் என்று அழுகிறார். காலரை எத்தனை நாள் கூடுதலாகப் போடுகிறோமோ அத்தனை பலமாக எலும்பு ஒட்டும் என்பதே எங்கள் எண்ணமும். இன்னும் மூன்று மாதம் போடவைப்பதில் தவறு உண்டா?

2024 மார்ச் 3, இரவு

தவறு உண்டு. ஸ்கேனைப் பார்த்துவிட்டு மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால், கூடுதலான மூன்று மாதத்தால் அம்மாவுக்குக் கெடுதல்தான் வரும். எலும்பு தானாகவே ஒட்டிக்கொள்கிறது. அது நடக்கும்வரை முறிந்த பகுதிகள் இரண்டும் விலகாமல் பிடித்து வைத்திருப்பதோடு காலரின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அது கழுத்திலேயே இருந்தால், நான்கைந்து கிலோ எடையுள்ள தலையைத் தாங்க வேண்டிய தசைகள் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும். தலை விழுந்துவிடும் என்ற அம்மாவின் பயம் வெறும் பயம் அன்று. தசை மெலிந்திருப்பதை அவர் உடம்பு உணர்ந்துதான் அப்படிச் சொல்லவைக்கிறது. மேலும் மூன்று மாதம் போட்டால் அந்தப் பயம் இன்னும் உண்மையாகிவிடும்.

எனக்கும் இதே இரண்டாவது எலும்புதான் முறிந்தது. 2022 ஏப்ரலில், கணவர் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து தென்காசியிலிருந்து ஊர் திரும்பும்போது, வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்றில் வண்டி தூக்கிப்போட்டு நான் மல்லாந்து விழுந்தேன். தலைக்கவசம் போட்டிருந்ததால் மண்டை தப்பியது. பன்னிரண்டு வாரத்துக்குப் பின் காலரைக் கழற்றிய நாளில் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தபடி, இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிடுங்கள் என்று நானும் கேட்டேன். அதனால் அம்மாவை யாரும் திட்ட வேண்டாம்.

2024 மார்ச் 4

நேற்று அவசரத்தில் எழுதியதில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. இரண்டாவது எலும்பு முறிவு என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு முறிவுகள் அடங்கியிருக்கின்றன. அம்மாவுக்கு எந்த வகை என்பதை ஸ்கேன் அறிக்கையில் பாருங்கள்.

கழுத்தில் ஏழு எலும்புகள் இருக்கின்றன. முதல் எலும்பு வளையம் போன்றது. தலை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது எலும்பிலிருந்து பல் போன்ற முளை ஒன்று எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது. உரலில் குழவி சுழல்வதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும்: இங்கே குழவி நிற்க, உரல் அதைச் சுற்றிச் சுழல்கிறது. வலம் இடமாகத் தலையைத் திருப்புவதில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. அந்த முளையின் முறிவை ஆண்டர்சன், டி அலோன்சோ என்ற இருவர் 1974-இல் மூன்றாக வகைப்படுத்தினார்கள். முளையின் நுனி உடைந்தால் முதல் வகை. அதன் அடிக்கழுத்தில் உடைந்தால் இரண்டாவது. உடைப்பு கீழே எலும்பின் உடற்பகுதிக்குள் இறங்கியிருந்தால் மூன்றாவது. எனக்கு மூன்றாவது வகை. அங்கே பஞ்சு போன்ற எலும்புப் பரப்பு அகலமாக இருப்பதால் நன்றாக ஒட்டும். இரண்டாவது வகையில் ஒட்டும் பரப்பு குறுகியது. வயதானவர்களுக்கு ஒட்டாமலே போவதும் உண்டு.

இவ்வளவு ஆபத்தான இடத்தில் உடைந்தும் கைகால் விளங்காமல் போகவில்லையே என்று என் மாமியார் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார். மருத்துவர் அதற்கு ஒரு கணக்குச் சொன்னார். முதல் எலும்பின் வளையத்துக்குள் இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்த முளையும், ஒரு பங்கைத் தண்டுவடமும் எடுத்துக்கொள்ள, மீதி ஒரு பங்கு வெற்றிடமாகவே இருக்கிறதாம். எலும்பு சற்று நகர்ந்தாலும் நரம்பு நசுங்காமல் தப்பிக்க அந்த வெற்றிடம் இடம் கொடுக்கிறது. மாமியாரிடம் இதைச் சொன்னபோது, அந்த இடத்தை வைத்தவள் யார் என்று கேட்டார். எனக்கு இரண்டு விளக்கமும் வேண்டியிருந்தன.

2024 மார்ச் 6

முதலில் போன மருத்துவமனையில் என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

விழுந்த இடத்தில் கூடியவர்கள் நல்ல மனத்தோடு என்னைத் தூக்கி உட்காரவைத்து, தலைக்கவசத்தைக் கழற்றி, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். கழுத்தில் அடிபட்டவரை அப்படி உட்காரவைக்கவே கூடாது. தலைக்கவசத்தையும் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர்தான் கழற்ற வேண்டும். 108-க்குச் சொல்லிவிட்டு, தலையின் இருபக்கமும் கை கொடுத்து அசையாமல் வைத்திருந்தாலே போதும். என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். போன இடத்தில் கழுத்துக்கு இரண்டு எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றும் இல்லை, சதைப்பிடிப்புதான் என்று பஞ்சுக் காலர் ஒன்றை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்தின் மேற்பகுதி முறிவுகள் சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது உண்டு, சி.டி. ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும்.

மூன்று நாள் வீட்டில் கிடந்தேன். வலி பின்மண்டையின் அடியில் இருந்தது. அதைவிட விசித்திரமாக, படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் நான் அறியாமலே என் கைகள் இரண்டும் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டன. குடத்தை இறக்குவதுபோல என் தலையை நானே தூக்கிக்கொண்டு எழுந்தேன். நான்காம் நாள் வேறொரு மருத்துவரிடம் போனபோது, அவர் நான் சொன்ன எதையும் கேட்பதற்கு முன்பே அந்தக் கைகளைப் பார்த்தார். அப்படியே இருங்கள், அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு, தள்ளுபடுக்கையை வரவழைத்து, அங்கிருந்து நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார். விபத்துக்குப் பின் யாராவது தலையைக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்தால் அது பெரிய அடையாளம் என்று பிறகு சொன்னார். இந்த இழையை வேறு எதற்காகப் படிக்காவிட்டாலும் இதற்காகப் படியுங்கள்.

2024 மார்ச் 7

கணினி வேலையால் கழுத்துவலி என்று ஆறு மாதமாகப் பஞ்சுக் காலர் போட்டிருக்கும் ஒருவர், நான் காலருக்கு எதிராக எழுதுவதாக வருத்தப்பட்டிருக்கிறார். முறிவுக்குப் போடும் கெட்டிக் காலரும் மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுக் காலரும் ஒன்றல்ல. பஞ்சுக் காலர் கழுத்தை அசையாமல் நிறுத்துவதில்லை. அதைப் போட்டுக்கொண்டும் தலையை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பலாம். இதமும் ஒரு நினைவூட்டலுமே அதனால் கிடைப்பவை. எலும்பு முறியாத கழுத்து அதிர்ச்சிக்கு, அதாவது கார் பின்னால் மோதித் தலை முன்னும் பின்னும் வெட்டிய வகைக்கு, முன்பெல்லாம் வாரக்கணக்கில் காலர் போட்டார்கள். இன்று ஆபத்தில்லை என்று உறுதியானதும் சீக்கிரமே அசைக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதம் என்பது நீண்ட காலம் ஐயா. ஓர் இயன்முறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

2024 மார்ச் 11

பட்டையோடு அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் விடும் இந்தச் சில்லறை விஷயங்களில்தான் வீடு திணறிப்போகிறது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் எட்டு வாரம் சோமி பிரேஸ் என்ற கருவி. மார்பில் ஒரு தகடு, தோள்களின் மேல் இரண்டு பட்டைகள், மார்புத் தகட்டிலிருந்து எழும் கம்பிகளின் முனையில் தாடையைத் தாங்கும் ஒரு கிண்ணம், பின்மண்டையைத் தாங்கும் இன்னொன்று. முதுகுப்பக்கம் தகடு எதுவும் இல்லாததால் மல்லாந்து படுத்த நிலையிலேயே மாட்டலாம், கழற்றலாம். அதன் பிறகு பிலடெல்பியா காலர். முன்னும் பின்னுமாக இரண்டு ஓடுகள், பக்கங்களில் வெல்க்ரோ, தொண்டைக்கு நேரே ஒரு துளை. அந்தத் துளை எதற்கு என்று பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்டது. தொண்டையில் குழாய் வைத்து மூச்சுவிடுபவர்களுக்காக வைத்தது. எனக்கு அது காற்று வரும் ஜன்னல்.

படுப்பதும் எழுவதும் தனிக் கலை. நேராக எழுந்து உட்காரக் கூடாது. தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே மரக்கட்டைபோல ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். முதல் வாரங்களில் கணவர் ஒருபக்கமும் மகள் மறுபக்கமும் நின்றார்கள். துடைத்துவிடுவதற்காகக் காலரைத் திறக்கும்போதும் படுத்தே இருக்க வேண்டும். ஒருவர் தலையின் இருபக்கமும் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முன் ஓட்டை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்து, அதன் பிறகே பின் ஓட்டைத் தொட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் எடுத்துவிடக் கூடாது.

ஏப்ரல், மே வெயிலில் பட்டைக்கு அடியில் வேர்க்குரு பூத்துவிட்டது. மாமனாரின் பழைய வேட்டியை நான்கு விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, சுருக்கமே விழாமல் உள்ளே வைத்து, நாளுக்கு இரண்டு முறை மாற்றினோம். பவுடர் போட வேண்டாம் என்றார்கள். வியர்வையோடு சேர்ந்து கட்டியாகித் தோலை அறுக்கும். தாடையின் நுனி, பின்மண்டை மேடு, காரை எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் தினமும் தோலைப் பார்க்க வேண்டும். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு தென்பட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே காட்டிவிட வேண்டும். எனக்குக் காரை எலும்பில் அப்படி ஒரு சிவப்பு வந்தது. காரணம் தாலிச் சங்கிலி. தகட்டுக்கு அடியில் அதன் கண்ணிகள் ஒவ்வொன்றும் தோலில் அச்சாகப் பதிந்திருந்தன. மாமியார் ஒரு வார்த்தையும் பேசாமல் சங்கிலியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் கோத்து, கயிறு பட்டைக்கு வெளியே வரும்படி கட்டிவிட்டார். அன்று அவர் கைகள் நடுங்கியது எனக்குத் தெரியும். தலை குனிந்து அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

தட்டும் தெரியாது. இலையோ தட்டோ மடியிலோ தரையிலோ இருந்தால் எங்கே சோறு, எங்கே கூட்டு என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கவிழ்த்த அண்டாவின் மேல் தட்டை வைத்து வாய்க்கு நேராக உயர்த்தியபோதுதான் என் சாப்பாட்டை நானே பார்த்தேன். குழைந்த சோறு, சின்னச் சின்னக் கவளம், நிமிர்ந்த முதுகு. தலை அண்ணாந்தபடி இருப்பதால் புரையேறும். வயதானவர்களுக்கு அது நுரையீரல் வரை போகும். ஆகவே அம்மா சாப்பிடும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. படியில் இறங்கும்போது பாதம் தெரியாது; கைப்பிடி இல்லாத படியில் தனியே இறங்கவிடாதீர்கள். தரையில் குந்தி உட்காரும் கழிவறையும் ஆகாது. நாற்காலிக் கழிவறை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.

2024 மார்ச் 12

ஒரு திருத்தம். சோமி பிரேஸ் எட்டு வாரம் என்று எழுதியிருந்தேன். மகள் அப்போது எழுதிவந்த குறிப்பேட்டை எடுத்துப் பார்த்ததில் ஏழு வாரம். பிலடெல்பியா காலர் ஐந்து வாரம். கூட்டுத்தொகை மாறவில்லை.

மண்டையில் திருகாணி போட்டு மாட்டும் வளையம் இன்றும் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. ஹேலோ என்று பெயர். 1959-இல் அமெரிக்காவில் பெர்ரி, நிக்கல் என்ற இரு மருத்துவர்கள் அதை அறிமுகப்படுத்தியபோது, அது எலும்பு முறிவுக்காக வந்ததே அன்று. போலியோவால் கழுத்துத் தசைகள் செயலிழந்து தலை நிற்காமல் போனவர்களுக்காக வந்தது. பெரியவர்களுக்குப் பொதுவாக நான்கு திருகாணிகளை மண்டையோட்டின் வெளி ஓட்டில் பதித்து, வளையத்தை மார்புக்கவசத்தோடு இணைப்பார்கள். மேற்கழுத்தை அதைப்போல இறுக்கமாகப் பிடித்துவைக்கும் வெளிக்கருவி வேறு இல்லை. ஆனால் எழுபதைத் தாண்டியவர்களுக்கு அதனால் மூச்சுத் தொல்லையும் விழுங்கும் சிக்கலும் கூடுதலாக வருவதால், அந்த வயதில் காலரையோ அறுவை சிகிச்சையையோ தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள்.

2024 மார்ச் 19

கேள்வி கேட்ட தம்பி அம்மாவின் ஸ்கேன் அறிக்கையைப் படித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது வகை முறிவு; பன்னிரண்டு வாரத்துக்குப் பின்னும் எலும்பு முழுமையாக ஒட்டவில்லை; ஆனால் இடம் மாறவில்லை; நரம்புக்கு அழுத்தம் இல்லை; முன்னும் பின்னும் குனியவைத்து எடுத்த எக்ஸ்ரேயிலும் முறிவில் அசைவு இல்லை. ஒட்டாத எலும்போடு காலரைக் கழற்றச் சொல்வது எப்படிச் சரி என்று கோபமாகவே கேட்கிறார்.

மார்ச் 3 அன்று நான் எழுதியதை இங்கே திருத்த வேண்டும். எலும்பு ஒட்டியதும் காலரின் வேலை முடிந்தது என்பதுபோல எழுதிவிட்டேன். அது என் கதை. 44 வயதில், மூன்றாவது வகை முறிவில் நடந்தது. வயதானவர்களுக்கு எலும்பு ஒட்டாவிட்டாலும், முறிவுக்கு நடுவே நார் போன்ற கெட்டியான திசு வளர்ந்து இரண்டு பகுதிகளையும் பிடித்துக்கொண்டால், அதையே போதுமான பலனாக மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அசைவு இல்லை, நரம்பு பாதிப்பு இல்லை, வலி குறைந்திருக்கிறது என்றால், இன்னும் காலருக்குள் வைத்திருப்பதால் வரும் புண்ணும், புரையேறலும், கால் தெரியாமல் மறுபடி விழும் ஆபத்துமே பெரியவை. ஆகவே உங்கள் மருத்துவர் அவசரப்படவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. இந்த விளக்கத்தை உங்களுக்கு அவரே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது, இது நிலையாக நிற்கிறது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள், அடுத்த படம் எப்போது எடுக்க வேண்டும் என்ற இரண்டையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

2024 ஏப்ரல் 2

அம்மா கழற்றச் சம்மதித்துவிட்டாராம். மனம் நிறைந்தது. எனக்குக் கொடுத்த வழிமுறையை எழுதுகிறேன்; அம்மாவுக்கு உரியதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

முதல் மூன்று நாள், படுத்திருக்கும்போது மட்டும் காலர் இல்லை. தலையணை தலையைத் தாங்கும்போது தசைக்கு வேலை குறைவு. ஆனாலும் கழுத்தில் காற்று படுவது பழகும். பிறகு சாய்வு நாற்காலியில் அரை மணி நேரம். பிறகு சாப்பாட்டு வேளைகளில். வீட்டுக்குள் நடப்பது இரண்டாம் வாரம். பேருந்தும் ஆட்டோவும் கடைசி. வண்டி குலுங்கும் இடத்தில் மட்டும் இன்னும் இரண்டு வாரம் காலர் போட்டேன். இரவில் வலி கூடினால் மறுநாள் ஒரு படி இறங்கி, அதற்கு மறுநாள் மீண்டும் ஏறச் சொன்னார்கள்.

பயிற்சியில் முதலாவது, பார்ப்பவருக்குப் பயிற்சி என்றே தெரியாத ஒன்று. மல்லாந்து படுத்து, ஆம் என்று சொல்வதுபோலத் தாடையை மிக மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். தலை தலையணையிலிருந்து எழக் கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில் புடைக்கும் பெரிய நரம்பு போன்ற தசை புடைக்கவே கூடாது. அது புடைத்தால் தவறான தசை வேலை செய்கிறது என்று பொருள். நமக்கு வேண்டியது அதற்கும் பின்னால், எலும்பை ஒட்டியே ஓடும் ஆழ்தசை. அது வேலை செய்கிறதா என்று அறிய, காற்றுப்பை ஒன்றைக் கழுத்தின் கீழ் மடித்து வைத்து 20 மில்லிமீட்டர் அழுத்தம் வரை ஊதிக்கொண்டு, தாடையை இழுத்து 22-க்குக் கொண்டுபோய்ப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். பத்து முறை அப்படி நிறுத்த முடிந்தால் 24. இப்படி இரண்டிரண்டாக 30 வரை. பயிற்சிக்கூடத்தில் அதற்கென்றே கருவி இருந்தது. வீட்டில் மாமனாரின் பழைய டயல் வைத்த ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை மடித்து வைத்தோம். முதல் நாள் முள் 22-க்குப் போய் இரண்டு விநாடியில் நடுங்கி இறங்கிவிட்டது. இரண்டு மில்லிமீட்டர் ஏறுவதற்கு எனக்கு நெற்றி வியர்த்தது. 30-இல் பத்து விநாடி நிற்க ஒன்பது வாரம் ஆயிற்று. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து எண்ணுவார். எட்டு, ஒன்பது என்று வரும்போது அவர் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்வார்.

2024 ஏப்ரல் 5

நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளும் பயிற்சியை ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் உண்டு, ஆனால் ஆழ்தசை விழித்த பிறகு, ஐந்தாம் வாரத்தில். கையும் தலையும் ஒன்றையொன்று தள்ளும், தலை அசையாது. முழுப் பலத்தையும் போடக் கூடாது; ஒரு முட்டையை உடையாமல் பிடிக்கும் அளவில் தொடங்கினோம். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியும் இதோடு சேர்ந்தது. கழுத்து தோளின்மேல்தான் நிற்கிறது. தோள் முன்னால் தொங்கினால் கழுத்துப் பயிற்சியின் பலன் பாதிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலரைக் கழற்றிய வாரங்களில் எனக்குத் தலை சுற்றியது. காதிலும் ரத்த அழுத்தத்திலும் கோளாறு இல்லை. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்புவதில் கழுத்துத் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் பெரிய பங்கு உண்டு; பன்னிரண்டு வாரம் அசையாமல் இருந்ததில் அந்தச் செய்தி மங்கிவிட்டது என்றார் இயன்முறை மருத்துவர். சாவிக்கொத்தில் வரும் சின்ன லேசர் விளக்கை நெற்றிப்பட்டையில் செருகி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, ஒளிப்புள்ளி விழும் இடத்தில் குறி போட்டார். கண்ணை மூடித் தலையை வலப்பக்கம் திருப்பி, பழைய இடத்துக்கே வந்துவிட்டதாகத் தோன்றும்போது நிறுத்தச் சொன்னார். கண்ணைத் திறந்தால் புள்ளி ஒரு சாண் தள்ளி நின்றது. என் தலை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை என்பதை அன்று சுவரில் பார்த்தேன். இந்தத் தூரத்தில் ஏழு சென்டிமீட்டருக்குமேல் விலகினால் பயிற்சி தேவை என்று கணக்காம். தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தோம். தலைசுற்றல் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. அம்மாவுக்கும் தலை சுற்றினால் பழையபடி காலரை மாட்டிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2024 ஏப்ரல் 21

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நான் எழுதவே இல்லை என்று ஒருவர் சொன்னது சரிதான். எங்கள் ஊர்ப்பக்கம் கழுத்தில் அடி என்றாலே தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடிதான் நினைவுக்கு வரும். பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து கழுத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். அவர் 1981-இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். எனக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இருந்தது. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. அவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி என்பது மூச்சு, சிறுநீர், படுக்கைப்புண், சக்கர நாற்காலி என்று வேறோர் உலகம். அதை வாழ்ந்தவர்களே எழுத வேண்டும்.

ஆனால் என்னைப்போல் தப்பியவர்களும் சில அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, கையெழுத்து திடீரென்று மாறுவது, நடக்கும்போது கால் பின்னுவது, கழுத்தைக் குனிந்தால் முதுகெலும்பு வழியாக மின்சாரம் ஓடுவதுபோல் இருப்பது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அம்மாவுக்கு எலும்பு ஒட்டாமல் இருப்பதால் இது அவருக்கு இன்னும் முக்கியம். பூத்தொடுக்கும் பழக்கம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். வாரம் ஒருமுறை அவர் தொடுப்பதைப் பாருங்கள். விரல்கள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

2024 மே 9

அம்மாவைச் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார் உறவினர் ஒருவர், போகலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார்.

வேண்டாம். சுளுக்கு எடுப்பவரிடமும் வேண்டாம், எண்ணெய் நீவலுக்கும் வேண்டாம், முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடக்கு எடுப்பதும் வேண்டாம். முறியாத கழுத்துக்கே அந்தச் சொடக்கு நல்லதன்று. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இரண்டு கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன, திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. ஒட்டாத முளை உள்ள அம்மாவின் கழுத்தில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. ஆசையோடு சொல்லும் உறவினரிடம் ஸ்கேன் படத்தைக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் பலித்தது.

2024 ஜூன் 16

எவ்வளவு தூரம் திரும்பக் கிடைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கழுத்து ஒருபக்கம் ஏறத்தாழ 80 பாகை திரும்பும். காலரைக் கழற்றியபோது எனக்கு வலப்பக்கம் 25, இடப்பக்கம் 30. ஓராண்டில் வலம் 60, இடம் 65. அதற்குமேல் ஏறவில்லை, ஏறாது என்றே நினைக்கிறேன். ஏப்ரல் 2 அன்று எழுதியதைப் படித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதுபோலத் தோன்றும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டேன். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. வகுப்பில் கரும்பலகையின் மேல்பாதியில் எழுதுவதில்லை. மாணவிகளில் உயரமான ஒருத்தி எழுதுகிறாள். விடைத்தாள்களை மடியில் வைத்துத் திருத்துவதில்லை. சாய்வுப் பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கிக்கொண்டேன். குளிர்ந்த காற்றடிக்கும் சாரல் மாதங்களில் காலையில் பின்கழுத்து இறுகும். வெந்நீர் ஒத்தடமும் தாடைப் பயிற்சியும் போதுமானவையாக இருக்கின்றன.

அம்மா காலர் இல்லாமல் வாசலில் கோலம் போடுவதாகத் தம்பி எழுதியிருக்கிறார். குனிந்து வேண்டாம், சிறிய முக்காலியில் உட்கார்ந்து போடட்டும். புள்ளிகள் குறைந்தாலும் பரவாயில்லை.

2024 ஆகஸ்ட் 25

பயன்படுத்திய காலரைத் தம் மாமாவுக்குக் கொடுக்கலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார். மாமாவுக்கு மரத்திலிருந்து விழுந்து அடிபட்டதாகவும், நாளைதான் ஸ்கேன் என்றும் எழுதியிருக்கிறார். கொடுக்க வேண்டாம். கழுத்தின் சுற்றளவையும், தாடையிலிருந்து மார்பெலும்பு வரையுள்ள உயரத்தையும் அளந்துதான் காலரின் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உயரம் கூடினால் கழுத்தைப் பின்னுக்கு நெட்டித் தள்ளும். குறைந்தால் தாடை உள்ளே இறங்கித் தலை குனியும். இரண்டும் முறிவை அசைக்கும். மூன்று மாதம் வியர்வை குடித்த பஞ்சும் ஓடும் நெகிழ்ந்துபோயிருக்கும். நாளை வரை காத்திருக்கவும் வேண்டாம். மாமா இப்போது எங்கே இருக்கிறார்? உட்கார்ந்திருந்தால் மெல்லப் படுக்கவையுங்கள், தலையின் இருபக்கமும் துண்டைச் சுருட்டி வையுங்கள், 108-க்கு இப்போதே அழையுங்கள். எழும்போது கையால் தலையைப் பிடித்துக்கொண்டாரா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். நான் விழித்திருக்கிறேன்.